சரபோஜி மன்னரின் கண் வைத்தியம்: அன்று யாருக்கும் தெரியாத கண்ணின் பின்பக்கம்

அதிராம்பட்டினத்தில் இருந்து மல்லிப்பட்டினம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் போனால், கடலை ஒட்டி ஒரு அறுகோணக் கோபுரம் நிற்கும். அதுதான் மனோரா. எட்டு அடுக்கு. நெப்போலியனை பிரிட்டிஷார் வீழ்த்தியதன் நினைவாக 1814-ல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இந்தக் கதையைக் கேட்காத பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் குறைவு.

அதே மன்னரின் அரண்மனையில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. யாருக்கு என்ன கோளாறு, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதி வைத்த தாள்கள் இன்றும் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சிலவற்றில் நோயாளியின் கண்ணையே படமாக வரைந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு இந்திய அரண்மனையில் இப்படி ஒரு கேஸ் ஷீட் பழக்கம் இருந்தது என்பதே ஆச்சரியம்தான். அந்தத் தாள்கள் எதைப் பதிவு செய்தன, எதைப் பதிவு செய்ய முடியாமல் போயின என்று பார்த்தால், வயதான காலத்தில் கண் மங்குவதைப் பற்றி இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கும் ஒரு பெரிய குழப்பம் விளங்கும்.

தத்துப்பிள்ளை

சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பரில். போன்ஸ்லே குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த பையன். அப்போதைய மன்னர் துளஜாவின் வாரிசுகள் எல்லாம் இறந்துபோக, சாவதற்குச் சில நாள் முன்னால் 1787-ல் இவரைத் தத்தெடுத்தார். பத்து வயது நிரம்பாத பையனை தரங்கம்பாடி வழியாக வந்து தஞ்சையில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் பிரெட்ரிக் ஸ்வார்ட்ஸிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

அப்புறம் நடந்தது எல்லா அரண்மனைகளிலும் நடப்பதுதான். துளஜாவின் தம்பி முறையான அமர்சிங், தத்து செல்லாது என்று பண்டிதர்களை வைத்துச் சொல்ல வைத்து அரியணையில் ஏறினார். பையன் அடைபட்டுக் கிடந்தான். படிப்பு கிடையாது, வெளியே விடுவது கிடையாது. ஊர்க்காரர்கள் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்று அழைத்த அந்தப் பாதிரியார் கம்பெனி அதிகாரிகளிடம் முறையிட்டு, 1793-ல் பையனையும் துளஜாவின் விதவைகளையும் சென்னைக்கு அனுப்ப வைத்தார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மானியப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஐரோப்பிய அறிவியலில் சரபோஜிக்கு வந்த பித்துக்கு வேர் இங்கேதான்.

தத்து செல்லும் என்று கம்பெனி பிறகு முடிவு செய்தது. 1798 ஜூனில் சரபோஜி மன்னரானார். அதே ஆண்டு பிப்ரவரியிலேயே ஸ்வார்ட்ஸ் இறந்துவிட்டார். குருவுக்காக லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கத்துத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

ராஜ்யம் இல்லாத ராஜா

மறு ஆண்டே, 1799 அக்டோபரில், ஒரு ஒப்பந்தம். காவிரிப் பாசன நாட்டின் நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமும். கூடவே ஆண்டுக்கு 1 லட்சம் பகோடா உதவித்தொகை, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. பணம் இருந்தது, அதிகாரம் போய்விட்டது.

இதைச் சரபோஜியின் பெருந்தன்மை என்று சிலர் எழுதுவார்கள். அப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கையில் இருந்த பணத்தையும் நேரத்தையும் அவர் செலவழித்த விதம் மற்ற சமஸ்தான ராஜாக்களிடம் காணாதது. பழைய அரண்மனை நூலகத்தைச் சுவடிகளாலும் ஐரோப்பாவில் இருந்து வரவழைத்த புத்தகங்களாலும் நிறைத்தார். பல புத்தகங்களில் அவர் போட்ட ஆங்கிலக் கையெழுத்தை இன்றும் பார்க்கலாம். தேவநாகரி எழுத்தில் அச்சடிக்க ஒரு அச்சகம் நிறுவினார். 1820-ல் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போனபோதும் வழியெல்லாம் சுவடிகள் சேகரித்தார்.

வைத்தியத்துக்கு என்று அவர் வைத்திருந்த இடம் தன்வந்திரி மகால். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் எல்லாம் ஒரே கூரையில். மனிதர்களுக்கு மட்டுமில்லாமல் யானை, குதிரைக்கும் மருந்து தயாரித்தார்கள். கைகண்ட மருந்து முறைகளைத் தமிழ்ச் செய்யுளாகக் கோக்கச் செய்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பிற்காலத்தில் சரசுவதி மகால் இவற்றை நோய்வாரியாகப் புத்தகமாக்கியது. அதில் கண் நோய்க்கு, அதாவது நயனரோகத்துக்கு, தனியாகவே ஒரு புத்தகம் உண்டு.

தஞ்சாவூரில் இருந்து அதிராம்பட்டினம் வரும் சாலையில் பாதி வழியில் ஒரத்தநாடு. அங்கே இருக்கும் முக்தாம்பாள் சத்திரமும் இவர் கட்டியதுதான். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்கள் தங்கிப்போகும் வழி. இந்தச் சத்திரங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது, 1801-ல் தஞ்சாவூர் ரெசிடெண்ட் டோரினுக்கு சரபோஜி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரத்தில் சாதி பார்க்காமல் சாப்பாடு போடுவது, பிள்ளைத்தாய்ச்சிகளைக் கவனிப்பது, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தருவது, நோயாளிகளுக்கு வைத்தியர்கள் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையாவது தன்னிடம் விட்டுவையுங்கள் என்று கேட்டார். நாட்டையே கொடுத்தவர் சத்திரத்துக்காக வாதாடினார். வழிப்போக்கர்களுக்கு வைத்தியம் என்பது அவருக்குப் பொழுதுபோக்கு கிடையாது என்பதற்கு இந்தக் கடிதமே போதும்.

கேஸ் ஷீட்டில் என்ன இருக்கிறது?

சரசுவதி மகாலில் கிடைத்த கண் நோயாளிகளின் தாள்களைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் ஆராய்ந்து கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். சிகிச்சைகளில் மெக்பீன் என்ற ஆங்கிலேய மருத்துவர் துணையாக இருந்தார். சரபோஜியே கத்தியைப் பிடித்து ஆபரேஷன் செய்தார் என்று மேடைகளில் முழங்குவதுண்டு. மன்னர் தன் கையாலேயே செய்தாரா, வைத்தியர்களைச் செய்ய வைத்தாரா என்பதைவிட முக்கியமானது அந்தத் தாள்களே. நோயாளியைப் பார்த்ததை எழுதி வை, கொடுத்த மருந்தை எழுதி வை, பலனை எழுதி வை என்ற ஒழுங்கு அது. இன்றைக்கு நாம் டாக்டரிடம் போகும்போது பழைய ஃபைலை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிறோம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் வயதானவர்களின் கண்ணில் வைத்தியர்கள் நன்றாக அறிந்திருந்த நோய் புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்துப் போவது. கண் பாப்பாவுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரியும். விளக்கைப் பக்கத்தில் பிடித்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். சுசுருதர் காலத்தில் இருந்தே, வெளுத்த லென்ஸை ஊசியால் தள்ளிக் கண்ணுக்குள் கீழே இறக்கிவிடும் முறை இந்தியாவில் இருந்தது. வெளிச்சம் உள்ளே போக வழி கிடைக்கும், கொஞ்சம் பார்வை வரும். பிறகு சீழ் பிடித்துக் கண்ணே போனவர்களும் உண்டு. லென்ஸை வெளியே எடுக்கும் முறையை 1747-ல் பிரான்ஸில் டேவியல் செய்துகாட்டினார். சரபோஜி உயிரோடு இருந்தபோதே, 1819-ல், சென்னையில் கண்ணுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கிவிட்டது. இப்போது எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை அதுதான்.

ஆனால் இன்னொரு வகை நோயாளிகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கண் பளிச்சென்று இருக்கும். வெள்ளை இல்லை, சிவப்பு இல்லை, வலி இல்லை. எதிரே நிற்கிற மனுசன் முகம் மட்டும் தெரியாது. இவர்களை என்ன செய்வது என்று தஞ்சாவூர் வைத்தியருக்கும் தெரியாது, லண்டன் டாக்டருக்கும் தெரியாது. நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, வைத்தியருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று ஐரோப்பிய மருத்துவர்களே இந்த நோயைக் கேலியாகச் சொல்லிக்கொண்ட காலம் அது.

காரணம் எளிது. உயிரோடு இருக்கும் ஒருவரின் கண்ணுக்கு உள்ளே, பின்சுவரை எட்டிப் பார்க்க அப்போது கருவி கிடையாது. கண் பாப்பா வெறும் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, அது திரும்பி வரும் பாதையிலேயே பார்க்கும் கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்து 1851-ல் வெளியிட்டார். சரபோஜி 1832 மார்ச் 7-ல் இறந்துவிட்டார். வயது 54. இன்னும் 19 ஆண்டுகள் இருந்திருந்தால் அந்தக் கருவியில் ஒன்று முதல் கப்பலிலேயே தஞ்சாவூருக்கு வந்திருக்கும் என்று, அவர் புத்தகம் வரவழைத்த வேகத்தைப் பார்த்தால், தாராளமாக நம்பலாம்.

மாக்குலா என்றால் என்ன?

அந்தக் கருவி வந்த பிறகுதான் வயதானவர்களின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகள் படிவதை மருத்துவர்கள் கண்டார்கள். 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் இதற்கு விவரிப்புகள் வந்தன. இப்போது இதன் பெயர் வயதுசார்ந்த மாக்குலா சிதைவு. ஆங்கிலச் சுருக்கமாக ஏஎம்டி என்பார்கள்.

கண்ணை கேமரா என்று வைத்துக்கொண்டால், விழித்திரைதான் ஃபிலிம். அந்த ஃபிலிமின் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம் மாக்குலா. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, ஆளை அடையாளம் காண்பது, ரூபாய் நோட்டைப் பார்ப்பது எல்லாம் இந்தச் சின்ன இடத்தின் வேலை. வயது கூடும்போது விழித்திரைக்கு அடியில் கழிவு சேர்ந்து, மாக்குலாவின் செல்கள் மெல்ல அழிகின்றன. இது உலர் வகை. பெரும்பாலோருக்கு இதுதான். பல ஆண்டுகளில் மெதுவாக நகரும்.

சிலருக்கு மட்டும் அடியில் இருந்து புதிதாகக் கோணல்மாணலான ரத்தக்குழாய்கள் முளைத்து, நீரும் ரத்தமும் கசியும். இது ஈர வகை. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வேகம் அதிகம். சில வாரங்களிலேயே நடுப்பார்வை போய்விடக்கூடும்.

இரண்டிலுமே ஓரப்பார்வை தங்கும். அதனால் முழுக் குருடு என்ற பயம் தேவையில்லை. வீட்டுக்குள் நடமாடலாம், தெருவில் நடக்கலாம். ஆனால் வருகிற பஸ் பட்டுக்கோட்டைக்கா பேராவூரணிக்கா என்று போர்டைப் படிக்க முடியாது. நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு கறை உட்கார்ந்திருக்கும். கதவு நிலை, ஜன்னல் கம்பி, தரையில் டைல்ஸ் கோடு போன்றவை வளைந்து நெளிந்து தெரியும்.

புரை முத்தட்டும் என்ற காத்திருப்பு

சரபோஜி காலத்துக் குழப்பம் இன்றும் வேறு வடிவில் தொடர்வது இங்கேதான். டெல்டாக் கிராமங்களில் அறுபது எழுபது வயதுக்காரர் பார்வை மங்குது என்று சொன்னால், வீட்டில் உடனே வரும் பதில், அது புரைதான், நல்லா முத்தட்டும், அறுவடை முடிஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம் என்பது. புரையாக இருந்தால் இந்தக் காத்திருப்பில் பெரிய நஷ்டம் இல்லை. சில மாதம் தள்ளிச் செய்தாலும் பார்வை வரும். முத்த வேண்டும் என்பதே பழைய கதை, இன்றைய அறுவை சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை.

ஈர வகை மாக்குலா சிதைவாக இருந்தால் அந்தச் சில மாதம்தான் எல்லாமே. கசிவு உலர்ந்து தழும்பாகிவிட்டால், போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. இரண்டு நோயும் ஒரே கண்ணில் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது புரை எடுத்த பிறகும் எழுத்து தெரியவில்லை என்றால், டாக்டர் ஆபரேஷனைக் கெடுத்துவிட்டார் என்று குற்றம் சொல்வார்கள். பின்னால் விழித்திரையில் இருந்த கோளாறு அப்போதுதான் வெளியே தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், நமக்கு இரண்டு கண் இருப்பது. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். ஆறு மாதம் கழித்து ஏதோ தற்செயலாக நல்ல கண்ணைத் துடைக்கும்போதுதான் மற்றது போன விஷயமே தெரியவரும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆம்ஸ்லர் உருவாக்கிய கட்டம் போட்ட அட்டை, நடுவில் ஒரு புள்ளி. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி, மற்றதால் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ, சில கட்டங்கள் காணாமல் போனாலோ விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவும் அதே வாரத்தில். அட்டை இல்லாவிட்டால் கணக்கு நோட்டின் கட்டம் போதும், ஜன்னல் கம்பிகூடப் போதும்.

மருத்துவமனையில் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவியின் வாரிசுகளால் உள்ளே பார்ப்பார்கள். ஓசிடி என்ற ஸ்கேன், விழித்திரையை அடுக்கு அடுக்காகப் படம் எடுக்கும். வலி கிடையாது, சில நிமிடம்தான். கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் இதெல்லாம் தெரியாது.

ஊசியும் கீரையும்

ஈர வகைக்கு 2005, 2006 வாக்கில் வழி பிறந்தது. புதிய ரத்தக்குழாய் முளைக்கத் தூண்டும் புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவது. பெவாசிசுமாப் என்ற மருந்து குடல் புற்றுநோய்க்காக வந்தது. அதைச் சின்ன அளவில் கண்ணில் போட்டால் பலன் இருப்பதைக் கண் மருத்துவர்கள் கண்டார்கள். விலை குறைவு என்பதால் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் ஆகியவையும் உண்டு. மரத்துப்போகும் சொட்டு விட்டுத்தான் ஊசி போடுவார்கள். கண்ணில் ஊசியா என்று பயந்து ஓடுகிறவர்கள் நிறைய. முதல் ஊசியைவிடக் கஷ்டம், மாதாமாதம் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருப்பது. கடலோரக் கிராமத்தில் இருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஒரு பெரியவரைக் கூட்டிப்போக ஒரு ஆள் லீவு போட வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவது அதனால்தான். நிறுத்தினால் கசிவு திரும்ப வரும்.

உலர் வகை நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டின், ஸியாஸாந்தின் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் எழுதுவார். நோய் முற்றும் அபாயத்தை அது ஏறக்குறைய கால் பங்கு குறைப்பதாக அமெரிக்க அரசின் பெரிய ஆய்வுகள் காட்டின. நோய் இல்லாதவர்களுக்கு இதனால் பலன் இல்லை. கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதில் அர்த்தம் இல்லை. பீட்டா கரோட்டின் சேர்ந்த பழைய வகை, புகைபிடிக்கிறவர்களுக்கு நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால் விலக்கப்பட்டது.

புகைதான் நம் கையில் இருக்கும் மிகப் பெரிய காரணம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது, பீடிக்கட்டை வீசலாம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது அடுத்தது. சர்க்கரை இருப்பவர்களுக்கு விழித்திரையில் வேறு ஒரு சேதமும் வரும் என்பதால் ஆண்டுக்கொரு முறை சோதனை கட்டாயம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை டெல்டாவுக்குக் குறை இல்லை. முருங்கைக்கீரை, கொடிக்காலில் வெற்றிலைக்கு நிழல் தரும் அகத்தி, பொன்னாங்கண்ணி எல்லாம் லூட்டின் உள்ள பச்சைதான். அதிராம்பட்டினம் சந்தைக்கு வரும் மத்தி மாதிரி மீனை வாரம் இரண்டு முறை சாப்பிடுகிறவர்களுக்கு இந்நோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அதற்காக மீன் எண்ணெய் மாத்திரை வாங்க வேண்டாம், அதில் பலன் தெரியவில்லை. கீரை இலையில் இருக்கட்டும். சாற்றைப் பிழிந்து கண்ணில் விடுவது, தேன் விடுவது, தாய்ப்பால் விடுவது ஆகியவற்றால் கருவிழி புண்ணாகிப் பார்வை போனவர்கள் உண்டு. விழித்திரைக்கு அதில் ஒரு சொட்டும் போய்ச் சேராது. சரபேந்திர வைத்திய முறைகளில் இருக்கிறதே என்று இன்று யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

உப்பளத்திலும் கடலிலும் வேலை செய்கிறவர்களுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் நல்லது. மாக்குலாவுக்கு அது எவ்வளவு காப்பு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. புரைக்கும் கண்ணில் சதை வளர்வதற்கும் வெயில் காரணம் என்பது உறுதி.

நடுப்பார்வை போனவர்களுக்கும் வாழ்க்கை நின்றுவிடாது. உருப்பெருக்கிக் கண்ணாடி, நல்ல வெளிச்சம், செல்போனில் எழுத்தைப் பெரிதாக்குவது, படித்துச் சொல்ல வைப்பது என்று வழிகள் உண்டு. ஓரத்தால் பார்க்கப் பழகிக்கொள்வதற்கே பயிற்சி தருகிறார்கள். அம்மாவோ அத்தாவோ முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துப் பேசினால், அது அலட்சியம் இல்லை என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

சரபோஜிக்குப் பின் மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். 1855-ல் அவர் ஆண் வாரிசு இன்றி இறக்க, பெயரளவுக்கு இருந்த அரசும் முடிந்தது. நூலகம் மட்டும் தப்பியது. 1918-ல் பொதுமக்களுக்கான நூலகமாயிற்று. கண் நோயாளிகளின் தாள்களும் சுவடிகளோடு அங்கேயே தங்கின. இமை, வெள்ளைவிழி, கருவிழி, பாப்பா என்று அவற்றில் வரைந்திருப்பதெல்லாம் கண்ணின் முன்பக்கம்தான்.